உப்புப் பொரியும் நேரம்

எனக்குச் சாயங்காலம் வீட்டில் இருக்க ஆகாது. காலையில் தனியாக இருந்துவிடலாம், மத்தியானம் தூங்கிவிடலாம், ராத்திரி போர்வையை இழுத்து மூடிக்கொண்டால் பக்கத்தில் யார் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. ஆனால் வெயில் சாய்ந்து எதிரே லிக்கன்காபூர் மலை செம்பு நிறத்துக்கு மாறும்போது, கோயோ கிராமத்தில் என் வீட்டுச் சுவர்கள் நாலும் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தைத் தள்ளுவதற்காகவே நிலாப் பள்ளத்தாக்குக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் வேலையை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். மற்ற வழிகாட்டிகள் விடியற்காலை வெந்நீர் ஊற்றுக்குப் போக அடித்துக்கொள்வார்கள். நான் வாயைத் திறக்காமல் அஸ்தமனத்தை எடுத்துக்கொள்வேன். கிறுக்கி என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

என் காது எப்போது கெட ஆரம்பித்தது என்று எனக்கே சரியாகத் தெரியாது. பேச்சு கேட்கும். பக்கத்தில் நின்று, வாய் தெரியும்படி பேசினால் நன்றாகவே கேட்கும். மெல்லிய சத்தங்கள்தான் ஒவ்வொன்றாகச் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போயின. முதலில் கெட்டில் விசில். தண்ணீர் வற்றி அடி கருகி, நாற்றம் மூக்கில் ஏறிய பிறகுதான் அடுப்படிக்கு ஓடினேன். பிறகு ராத்திரிப் பூச்சிகள். கடைசியாக உப்பு.

உப்பு போனதுதான் தலையில் விழுந்த இடி. பகலெல்லாம் வெயிலில் வெந்த உப்புப் பாறை, வெயில் இறங்கியதும் குளிர்ந்து சுருங்கும். சுருங்கும்போது பொரியும். சுட்ட சட்டியில் கல் உப்பைப் போட்டால் ஒரு சத்தம் வருமே, அதே சத்தம், அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம் என்று பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். எங்கள் வழிகாட்டிகள் எல்லோருக்கும் ஒரு வழக்கம் உண்டு. சூரியன் மறைந்ததும் வந்தவர்களைப் பேச்சை நிறுத்தச் சொல்லி, ஃபோனை அணைக்கச் சொல்லி, உப்பைக் கேட்க வைப்போம். முதல் பொரிச்சல் கேட்டதும் வழிகாட்டி விரலைத் தூக்கி "இதோ" என்று சொல்ல வேண்டும். மலையையும் மணல் மேட்டையும் எல்லோரும் படத்தில் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். அவர்களுக்கு நாங்கள் வேண்டியிருப்பது இந்த ஒன்றுக்குத்தான்.

கேட்காமலே "இதோ" சொல்ல நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். வந்தவர்களைப் பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்க வைத்துவிட்டு, நான் அவர்களைப் பார்த்து நிற்பேன். சத்தம் வந்தால் யாராவது ஒருத்தர் முகம் மாறும், கண் ஒரு பக்கம் போகும். உடனே விரலைத் தூக்கிவிடுவேன். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே ஓட்டினேன். பலே கைகாரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டும் இருந்தேன்.

வண்டி ஓட்டுவது எவரிஸ்டோ சோகோபார். டோகோனாவோ ஊர்க்காரன், என்னைவிடக் கொஞ்சம் இளையவன், என்னைப் போலவே கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாதவன். பேச்சு சின்னது, தொப்பி பெரியது. நாங்கள் உப்பைக் கேட்கும் நேரத்தில் அவன் எல்லோருக்கும் பின்னால் வண்டி மூக்கில் சாய்ந்து நிற்பான். களைப்புத் தெரியாமலிருக்க கோகா இலையை மென்றுகொண்டே, நடுநடுவே தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிவான்.

"தலைல என்ன, பேனா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"வேர்க்குது."

"இந்தக் குளிர்லயா?"

"எனக்கு வேர்க்கும்," என்றான். அத்தோடு சரி, மறுபடி இலையை மெல்ல ஆரம்பித்துவிட்டான்.

கொஞ்ச காலமாக அவனுக்கு இன்னொரு பழக்கமும் வந்திருந்தது. முன்பெல்லாம் நான் ஆட்களை, பாறைச் சுவர்களுக்கு நடுவே போகும் உப்பு இடுக்குக்குள் கூட்டிப்போகும்போது அவன் வண்டியில் உட்கார்ந்து தூங்குவான். இப்போது கூடவே வர ஆரம்பித்தான். எங்களுக்குப் பத்தடி பின்னால், மேலே பார்த்துக்கொண்டே நடப்பான். ஏன் என்று கேட்டால், "கால் மரத்துப் போகுது, நடந்தா நல்லது" என்பான். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷக் குளிர்காலத்தில், ஒரு நாள் திரும்பி வரும் வழியில், கலாமா நகரத்தில் சுரங்கத்து ஆட்களை ஏற்றும் பஸ்ஸுக்கு டிரைவர் கேட்கிறார்கள் என்றான். ஒரு வாரம் வேலை, ஒரு வாரம் ஓய்வு, இருக்க இடமும் தருகிறார்கள்.

"போகட்டுமா?" என்றான்.

அப்படித்தான் கேட்டான். போகப் போகிறேன் என்று சொல்லவில்லை. அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும். எனக்குத்தான் மூக்கு மேல் கோபமாயிற்றே.

"என்னை எதுக்குக் கேக்குற? நான் என்ன உன் பொண்டாட்டியா? போறதுன்னா போ."

அவன் தொப்பியைச் சரி செய்துகொண்டு வண்டியை ஓட்டினான். அடுத்த வாரம் அந்த வேலைக்கு ஒப்புக்கொண்டுவிட்டதாகச் சொன்னான். நல்லது என்றேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய், செய்த சூப்பைத் தொடாமல் படுத்தேன்.

அதே வாரம் கிரிசெல்டா அக்கா கூப்பிட்டு அனுப்பினாள். பள்ளத்தாக்கை எங்கள் ஊர்ச் சபைதான் பார்த்துக்கொள்கிறது. அந்த வருஷம் அக்காதான் தலைவி. அவளுக்கு எதையும் சுற்றி வளைக்கத் தெரியாது.

"உன் மேல ஒரு புகார் வந்திருக்கு, சுனில்டா."

"என்ன புகார்?"

"கேக்காத சத்தத்தக் கேக்குதுன்னு சொல்றியாம். ஒரு புருஷன் பொண்டாட்டி வந்து சொல்லிட்டுப் போனாங்க. நீ விரலத் தூக்கினப்போ ஒண்ணுமே கேக்கலையாம்."

"அவங்க காது அப்படி. அதுக்கு நான் என்ன பண்றது?"

"யார் காது எப்படின்னு எனக்குத் தெரியாது. அதனாலதான் ஒருத்தரப் பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கேன். யாருன்னு கேக்காத, சொல்ல மாட்டேன். காது சரியில்லன்னா இப்பவே சொல்லிடு. வாசல்ல டிக்கெட் அறை காலியா இருக்கு. நிழல் உண்டு, நாற்காலி உண்டு."

அந்த டிக்கெட் அறை எனக்குத் தெரியாதா? ஒற்றை ஜன்னல் வைத்த பெட்டி. மத்தியானம் தாண்டியதும் வண்டி வண்டியாகச் சிரித்துப் பேசிக்கொண்டு உள்ளே போவார்கள். இருட்டியதும் அதே வண்டிகள் வெளியே வரும். நடுவில் வெயில் சாயும் அந்த நேரம் முழுக்க நீயும் காற்றும்தான். என் வீட்டையே பெயர்த்துக்கொண்டு வந்து பள்ளத்தாக்கு வாசலில் வைத்த மாதிரி. 

"என் காதுக்கு ஒரு கேடும் இல்ல, அக்கா," என்றேன்.

எவரிஸ்டோவின் கடைசிப் பயணத்தன்று ஒரே ஒரு ஆள்தான் பதிவு செய்திருந்தார். ஜூன் எங்களுக்குக் குளிர்காலம், அப்படித்தான் இருக்கும். ஊர்ச் சதுக்கத்து மரத்தடியில் நின்றிருந்தார். உயரமான ஆள், அறுபதைத் தாண்டியிருப்பார், கம்பளிக் குல்லாவைக் காது வரைக்கும் இழுத்து விட்டிருந்தார். பெயர் தெயோதோரோ ஒயார்சோ, ஊர் தெற்கே சிலோவே தீவு என்றார். அத்தோடு வாயை மூடிக்கொண்டார்.

வண்டி கிளம்பியதும் நான் வழக்கமான கதையைத் தொடங்கினேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையைத் திருப்பினால் அவரும் கழுத்தை வளைத்துப் பார்த்தார். எரிமலையைக் காட்டினேன், ஒரு நொடி எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி என் வாய்க்கே வந்துவிட்டார். கேள்வி கிடையாது, படம் எடுக்கவில்லை. காசு கொடுத்து இவ்வளவு தூரம் வந்தவன் எவனாவது இப்படி இருப்பானா? கிரிசெல்டா அக்கா அனுப்பிய ஆள் இவர்தான் என்று முடிவு கட்டினேன். வெளியூர் முகமாகத் தேடிப் பிடித்திருக்கிறாள், கெட்டிக்காரி.

மூன்று மரியாள்களிடம் நிறுத்தினோம். காற்று செதுக்கிய உப்புத் தூண்கள் அவை, கும்பிட்டு நிற்கும் பெண்கள் மாதிரி இருக்கும். நான் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். குளிர்காற்றிலும் எனக்கு முதுகு வேர்த்தது.

உப்பு இடுக்கின் வாயில் வண்டி நின்றது. எவரிஸ்டோவும் இறங்கிக் காலை உதறினான். நான் அவனைத் தனியாக இழுத்துப் போனேன்.

"இன்னிக்கு நீ உள்ள வராத."

"கால் மரத்துருக்கு."

"வண்டியச் சுத்தி நட. நீ கூடவே வந்தா எனக்குத் துணை தேவைப்படுதுன்னு அந்தாள் போய்ச் சொல்லுவான்."

"எந்தாள்?"

"கிரிசெல்டா அக்கா அனுப்பின ஆள். இவன்தான். பார்த்தாத் தெரியல?"

எவரிஸ்டோ இலையை மெல்வதை நிறுத்தினான். "சுனில்டா, அந்தாள் வந்து..."

"வராதன்னா வராத. கடைசி நாள் அதுவுமா என் பொழப்பக் கெடுக்காத."

அவன் அப்படியே நின்றுவிட்டான். நான் ஒயார்சோவைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

இடுக்கு என்றால் ஆளுயரத்தைப் போல நாலு மடங்கு உயரச் சுவர்கள், இரண்டு பக்கமும் களிமண்ணும் உப்பும். சில இடங்களில் பக்கவாட்டில் ஒருக்களித்துத்தான் போக முடியும். வெளியே வெயில் இருக்கும்போதே அங்கே நிழல் விழுந்துவிடும், அதனால் சுவர் முன்னதாகவே குளிர்ந்துவிடும். எங்களுக்கு வேலையின் முதல் நாளே சொல்லித் தருவது ஒன்று உண்டு: இடுக்குக்குள் சுவர் பேச ஆரம்பித்தால் அங்கே நிற்காதே, ஆட்களை வெளியே கொண்டுபோ. எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் ஒரு வருஷமாகக் கேட்காத காதோடு ஆட்களை உள்ளே கூட்டிப்போனேன். எனக்கு ஒன்றும் ஆகாது, இத்தனை நாள் ஆகவில்லையே என்று நினைத்தேன். வேறென்ன சொல்ல.

குறுகலான வளைவில் நின்று, சுவரில் பளிங்கு போல மின்னும் உப்புக் கோடுகளைக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒயார்சோ என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் கண் என் தோளைத் தாண்டிப் பின்னால் போனது. திரும்பினேன். எவரிஸ்டோ ஓடி வந்துகொண்டிருந்தான். தொப்பி கையில், வாய் திறந்திருந்தது, ஏதோ கத்துகிறான். சுவரில் மோதி மோதி வந்ததில் எனக்கு ஒரு சொல்லும் பிரியவில்லை. என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இவ்வளவு சொல்லியும் வந்துவிட்டானே, என் மானத்தை வாங்குகிறானே என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் என் சட்டையை ஒரு கையாலும் ஒயார்சோவின் கோட்டை மறு கையாலும் கொத்தாகப் பிடித்து, வளைவுக்கு அந்தப் பக்கம் இழுத்துத் தள்ளினான்.

அடுத்து வந்த சத்தம் எனக்கும் கேட்டது. ரொட்டி அடுப்பு அளவுக்கு ஒரு துண்டு, நாங்கள் நின்ற இடத்தில் வந்து விழுந்து உடைந்தது. கண்ணெல்லாம் தூசி. உதடு, பல், தொண்டை எல்லாம் உப்பு.

ஒயார்சோதான் முதலில் பேசினார். "நல்ல உப்பு," என்று துப்பினார். "எங்க ஊர்ல மீனுக்குப் போடலாம்."

எவரிஸ்டோ சிரிக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"எவ்வளவு நேரமா பேசிக்கிட்டே இருந்துச்சு தெரியுமா அந்தச் சுவரு?" என்றான். "வாசல்ல நிக்கிற எனக்கே கேட்டுச்சு."

 அவன் எதற்காக இத்தனை நாளாக எங்களுக்குப் பின்னால் மேலே பார்த்துக்கொண்டு நடந்தான் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. கால் மரத்துப் போகிறதாம். விழுந்த துண்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே அவன் பின்னால் வெளியே நடந்தேன்.

வெளியே வந்ததும் எவரிஸ்டோ ரேடியோவில் காவலரைக் கூப்பிட்டு, இடுக்கை மூடச் சொன்னான். நான் ஒயார்சோவிடம், ஊருக்குத் திரும்பிவிடலாமா ஐயா என்று கேட்டேன்.

"உப்பு பொரியுறதக் கேக்காம நான் போறதா இல்ல," என்றார். "அதுக்குத்தான் வந்ததே."

இவ்வளவுக்குப் பிறகும் பரீட்சையை முடிக்காமல் விட மாட்டானாம் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே, அஸ்தமனம் பார்க்கும் மேட்டுக்குப் போனேன்.

மேட்டில் எங்கள் மூன்று பேரைத் தவிர யாரும் இல்லை. சூரியன் இறங்கியது. கீழே பள்ளத்தாக்கு சாம்பல் நிறமானது, எதிரே லிக்கன்காபூர் சிவந்து, ஊதா நிறமாகி, அணைந்தது. தினமும் பார்ப்பதுதான். தினமும் அந்த நேரத்தில் நெஞ்சுக்குள் எதுவோ கழன்று விழும். பக்கத்தில் இருபது பேர் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தால் அது அவ்வளவாகத் தெரியாது. அன்றைக்குத் தெரிந்தது.

"இப்ப யாரும் பேச வேண்டாம்," என்றேன். பேச அங்கே யார் இருந்தார்கள்.

ஒயார்சோ கம்பளிக் குல்லாவைக் கழற்றிவிட்டுப் பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் நடக்கவில்லை. கண் அசையவில்லை, புருவம் அசையவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். எவ்வளவு நேரம் போனதென்று தெரியவில்லை. உப்பு இன்னும் ஆரம்பிக்கவில்லையா, அல்லது ஆரம்பித்து ஓய்ந்தே போய்விட்டதா?  என்னையறியாமல் என் கண் அவருக்குப் பின்னால், வண்டியிடம் போனது.

எவரிஸ்டோ தொப்பியைத் தூக்கினான்.

என் விரல் தானாக உயர்ந்தது. "இதோ," என்றேன்.

ஒயார்சோ உடனே பலமாகத் தலையாட்டினார். எவரிஸ்டோ இன்னொரு முறை தூக்கினான், பிறகு இன்னொரு முறை. தலையைச் சொறியவே இல்லை; இத்தனை நாள் அவனுக்கு வேர்த்ததும் இதற்காகத்தானா. அன்றைக்கு அவன் சொறிவது போல நடிக்கக்கூட மறந்துவிட்டான்.

வண்டியின் பின்கதவைத் திறந்து சின்ன மேஜையைப் போட்டேன். ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, ஆலிவ் காய், ரொட்டி, ஒரு சின்னப் பாட்டில் பிஸ்கோ சாராயம். முதல் சொட்டை வழக்கம் போல மண்ணுக்கு ஊற்றிவிட்டு அவருக்கு ஒரு தம்ளர் கொடுத்தேன். அவர் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"நான் உங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன், அம்மா," என்றார்.

வந்துவிட்டது என்று நினைத்தேன். கிரிசெல்டா பெயரைச் சொல்லப் போகிறார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல. சும்மா தலையாட்டினேன். படகுல எஞ்சின் அறைல ஆயுசு முழுக்க வேலை பார்த்தேன், காது போயிருச்சு. பெரிய சத்தம் கேக்கும். ஆளு பேசினா வாயப் பார்த்துப் புரிஞ்சுக்குவேன். மத்ததெல்லாம் திரும்பி வராதுன்னு டாக்டர் சொல்லிட்டார். வேற சத்தமே இல்லாத இடத்துல ஒருவேளை கேக்குமோன்னு ஒரு நப்பாசை. இந்த உப்பப் பத்தி எங்கயோ கேள்விப்பட்டேன், வந்துட்டேன்." தம்ளரைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். "நீங்க பாவம், அவ்வளவு ஆசையா விரலத் தூக்கினீங்க. இல்லன்னு சொல்ல மனசு வரல."

நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். மத்தியானத்திலிருந்து அவர் என் வாயைப் பார்த்ததும், நான் நாள் முழுக்க எல்லோர் வாயையும் பார்ப்பதும் ஒன்றுதானே. வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்.

"நீங்களாவது சொல்லுங்க," என்றார். "எப்படி இருந்துச்சு? இன்னிக்கு நல்லாப் பொரிஞ்சுதா?"

சூடான சட்டி, கல் உப்பு என்று மனப்பாடமாக ஒரு பாட்டம் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்த பிறகு அது வாயில் வரவில்லை.

"எனக்கும் கேக்கல, ஐயா," என்றேன். "ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அவர் கிட்டே வந்து, என் கையில் தன் தம்ளரைக் கொடுத்துவிட்டு, பாட்டிலைத் தான் எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் குடித்தோம். எவரிஸ்டோ முதுகைக் காட்டிக்கொண்டு டயரைத் துடைத்தான், துடைக்க அதில் என்ன இருந்ததோ.

ஒயார்சோவைச் சதுக்கத்தில் இறக்கிவிட்டு, எவரிஸ்டோ என்னை வீட்டில் விட வந்தான். கோயோ போகும் மண் ரோட்டில், எனக்குக் கேட்கும்படி வண்டியை நிறுத்திவிட்டுப் பேசினான்.

"கிரிசெல்டா அக்கா அனுப்பின ஆள் அவர் இல்ல."

"அது தெரிஞ்சுபோச்சு."

"என்னைத்தான் பார்த்துச் சொல்லச் சொன்னாங்க. காலைல கணக்கு முடிக்கப் போறேன், கேப்பாங்க."

எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. "இத்தனை நாளா என்ன சொன்ன?"

"சுனில்டாவுக்கு என்னைவிட நல்லாக் கேக்கும்னு சொன்னேன்." ஸ்டியரிங்கைத் தடவினான். "நாளைக்கு என்ன சொல்லட்டும்? நீ சொல்றதச் சொல்றேன்."

மறுநாளும் அவன் அதையே சொல்லியிருந்தால் அக்கா நம்பியிருப்பாள், என் சாயங்காலம் எனக்கே இருந்திருக்கும். வேறொரு டிரைவர் வருவான், வண்டியில் உட்கார்ந்து ஃபோனை நோண்டுவான். நான் வந்தவர்கள் முகத்தைப் பார்த்து விரலைத் தூக்குவேன். அந்த ரொட்டி அடுப்பு அளவுத் துண்டை நினைத்தேன். அது ஒரு குழந்தை மேல் விழுந்திருந்தால்?

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்," என்றேன். "நானே போய்ச் சொல்லிக்கிறேன்."

அவன் தலையாட்டினான். வண்டியை எடுக்கவில்லை. போகாதே என்று சொல்ல வேண்டும் போல எனக்கு இருந்தது.  என்ன உரிமையில் சொல்வது, பஸ் வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டான், போகட்டுமா என்று கேட்டபோது நான்தானே போ என்றேன்.

"கலாமாவுல குளிர் இங்கமாதிரி இல்ல," என்றேன். "கனமான கோட்டு எடுத்துக்கோ."

"எடுத்துக்கிறேன்," என்றான்.

டிக்கெட் அறையில் உட்கார்ந்து இப்போது பல மாதம் ஆகிறது. என் பயணங்களைக் கிரிசெல்டா அக்கா ஒரு சின்னப் பெண்ணுக்குக் கொடுத்தாள். நல்ல பெண், காது கூர்மை. மத்தியானம் தாண்டியதும் வண்டிகள் உள்ளே போகும். கை காட்டுவார்கள், நானும் காட்டுவேன். அப்புறம் காற்று, மணல், எதிரே சிவந்து அணையும் மலை. நாற்காலி உண்டு, நிழல் உண்டு, அக்கா பொய் சொல்லவில்லை. முதல் மாதம் அந்த நேரத்தில் தினமும் அழுதேன். இப்போது தினமும் இல்லை.

போன வாரம் கடைசி வண்டியும் உள்ளே போன பிறகு ரோட்டிலிருந்து ஒரு ஆள் நடந்து வந்தான். கனமான கோட்டு, பெரிய தொப்பி. ஜன்னலில் வந்து குனிந்தான்.

"ஒரு டிக்கெட்."

"இந்த நேரத்துக்கு மேல உள்ள விட மாட்டோம்," என்றேன். "உனக்குத் தெரியாததா?"

"உள்ள போகணும்னு யார் சொன்னா," என்றான் எவரிஸ்டோ.

கவிழ்த்து வைத்திருந்த பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு, ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்தான். நாளைக்கு மறுபடி வேலை, காலை பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்றான். பஸ் எப்படி என்று கேட்டேன், பெரிசு என்றான். சாப்பாடு எப்படி என்றேன், உப்பு ஜாஸ்தி என்றான்.  வெயில் சாய்ந்தது. மலை சிவந்தது, ஊதாவானது, அணைந்தது.

அவன் என்னைப் பார்க்காமல், மலையையே பார்த்துக்கொண்டு, தொப்பியைத் தூக்கினான்.

வாசலில் உப்பு கிடையாது. வெறும் களிமண் தரை, பாறைகள் எல்லாம் வெகு தூரம் தள்ளி. நல்ல காது இருந்த காலத்திலும் அங்கே நின்று நான் எதையும் கேட்டதில்லை. அது அவனுக்கும் தெரியும்.

"பொய் சொல்ற," என்றேன்.

"ஆமா," என்றான்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தூக்கினான். நான் ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி, விரலைத் தூக்கி, "இதோ" என்றேன்.